இழையைத் தொடரும் கண்

வரிசைக்கு மூன்று புள்ளியாக மூன்று வரிசை வைத்து ஒரு கம்பிக் கோலம் போடுங்கள். பக்கத்திலேயே வரிசைக்கு நாலு புள்ளியாக மூன்று வரிசை வைத்து, அதே முறையில் இன்னொன்று. இரண்டிலும் கோடு சாய்வாகப் போகும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே ஜாடை. ஆனால் முதல் கோலத்தில் மூன்று தனித்தனி இழைகள் இருக்கின்றன. இரண்டாவதில் ஒரே இழை. எடுத்த இடத்துக்கே சுற்றி வந்து முடிகிறது. எவ்வளவு கூர்மையான கண்ணாலும் இதை ஒரு பார்வையில் சொல்லிவிட முடியாது. ஏதாவது ஓர் இடத்தில் தொடங்கி, இழையோடு இழையாகக் கண்ணை நடத்திக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் தெரியும்.

நான் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொது வகுத்தி பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய் மண்ணில் புள்ளி வைக்கச் சொல்வேன். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று இழை. மூன்றுக்கு நாலு என்றால் ஒன்று. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் பொதுவான பெரிய வகுத்தி எதுவோ, அத்தனை இழை. பிள்ளைகள் விரலை இழைமேல் வைத்துச் சுற்றி வருவார்கள். சிலர் விரல் வைக்காமல் கண்ணாலேயே தொடர்வார்கள். பாதியில் வெட்டு விழுந்த இடத்தில் வழி மாறிப் போய்த் திரும்பவும் முதலிலிருந்து வருவார்கள். அந்தப் பிள்ளைகளின் கண்ணைத்தான் நான் கவனித்துக்கொண்டு நிற்பேன். கம்பிக் கோலத்தின் வரலாறு என்பது அப்படித் தொடரும் கண்ணின் வரலாறு என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். சம்பந்தர் பாடிய திருக்கிளியன்னவூர் என்ற பெருமையோடு அகத்தீஸ்வரர் கோயில் இங்கே உண்டு. கிழக்கே போனால் கழுவேலி. அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள். என் ஆயா அந்த அளத்தில் வேலை செய்தவள். அளத்து வேலைக்கு ஒரு நேரம் உண்டு. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட வேண்டும் என்பதால் கோழி கூவுவதற்கு முன்பே கிளம்புவார்கள். அந்த மாதங்களில் வாசலில் விழுவது நாலு புள்ளிக் கோலம்தான். ஐப்பசியில் மழை பிடித்ததும் பாத்திகள் முழுகிப்போய் அளம் ஓய்ந்துவிடும். மறுபடி பாத்தி மிதித்துச் சரிசெய்யத் தை பிறக்க வேண்டும். ஆக, மார்கழி என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கூலியும் இல்லாத, வேலையும் இல்லாத மாதம். பெரிய கோலங்கள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் வாசலுக்கு வந்தன. மார்கழிக் கோலத்துக்கு ஊரெல்லாம் சொல்லும் காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விடியலுக்கு முந்திய இருட்டில் போட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சாணம் கரைத்துத் தெளித்த ஈரத்தரை கறுப்பாகக் கிடக்கும். அதன்மேல் மாவு விழுந்தால் வெள்ளை துலக்கமாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் நடுப்பகுதிக்குப் பார்வை குறைவு. ஓரப் பகுதிதான் அப்போது நன்றாக வேலை செய்யும். மங்கலான நட்சத்திரத்தை நேரே பார்த்தால் மறைந்து, சற்று விலகிப் பார்த்தால் தெரிகிறதே, அதுதான் காரணம். இருட்டில் ஓரக்கண்ணில் புள்ளி வரிசை முழுவதையும் வைத்துக்கொண்டு கோலம் போட்ட தலைமுறை அது. நல்ல நாளுக்குப் பச்சரிசி மாவு, மற்ற நாளுக்கு வெள்ளைக்கல் மாவு, கரை கட்ட வானூர்ப் பக்கத்துச் செம்மண். வேறு எதுவும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஆயா கோலம் போடுவதைச் சற்றுக் கிட்டே இருந்து சொல்கிறேன். முதலில் புள்ளி. நடு வரிசையை வைத்துவிட்டு மேலும் கீழும் குறைத்துக்கொண்டே போவாள். இடைவெளிக்கு அளவு, விரித்த இரண்டு விரல். புள்ளி வைத்து முடிந்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவாள். கை நிற்காது. மாவு தீர்ந்து கொட்டாங்கச்சிக்குப் போய்த் திரும்பினாலும் விட்ட இடத்தில் ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பாள். அவள் கண் மட்டும் மாவு விழும் இடத்தில் இருக்காது. அடுத்த புள்ளிக்குப் போய்விட்டிருக்கும். எனக்குக் கையில் மாவு கொடுத்தபோது அவள் சொன்ன பாடமும் அதுதான்: “மாவப் பாக்காதடி, புள்ளியப் பாரு. கை தானா வரும்.” மாவு கொடுப்பதற்கு முன்னால், வெறுமனே பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த காலத்தில் சொன்னது வேறு: “எங்கியும் பாக்காத, என் கையையே பாரு.”

பார்ப்பவளுக்கு ஒரு விதி, போடுபவளுக்கு இன்னொரு விதி. இந்த இரண்டையும் ஆராய்ச்சிக்கூடங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

போடுபவளின் விதிக்குச் சான்று இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. மைக்கேல் லேண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேநீர் போடுகிறவர்களின் தலையில் சிறு கேமராவை மாட்டிக் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கெண்டியையோ கோப்பையையோ கை தொடுவதற்கு ஏறக்குறைய அரை விநாடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. கை வேலையை முடிப்பதற்குள் கண் அடுத்த பொருளுக்குக் கிளம்பிவிடுகிறது. ஆயாவின் “புள்ளியப் பாரு” அதே அரை விநாடிதான்.

பார்ப்பவளின் விதிக்குப் போவதற்கு முன், கண்ணின் அசைவைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பதினோராம் நூற்றாண்டில், தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த அதே காலத்தில், கெய்ரோவில் இருந்த இப்னு அல்ஹைதம் ஒளியைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் ஒரு பெரிய நூல் எழுதினார். பார்வையில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். ஒன்று, கண் விழுந்ததும் கிடைக்கும் மேலோட்டமான பார்வை. மற்றது, கண்ணைப் பொருளின் ஒவ்வொரு பகுதிமேலும் நகர்த்தி ஆராய்ந்து பார்ப்பது. உருவம் உறுதியாகத் தெரிவது இந்த இரண்டாவதில்தான். கம்பிக் கோலத்தின் முன் ஒருதரம் நின்றவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் கண் எப்படி நகர்கிறது என்பது பல நூற்றாண்டு தெரியாமலே இருந்தது. வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் ஜாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில்தான், படிக்கும்போது கண் தாவித் தாவிப் போகிறது, நடுநடுவே நின்று நின்று பார்க்கிறது என்பது தெளிவாயிற்று. விநாடிக்கு மூன்று நான்கு தாவல். கூர்மையாகத் தெரிவது, நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குத்தான், மீதியெல்லாம் மங்கல். அந்த நகத்தளவு தெளிவை இங்கும் அங்கும் எறிந்துதான் நாம் ஓர் உருவத்தைச் சேர்த்துக்கொள்கிறோம்.

இதற்கு அடுத்து வந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வளைவான கோடு ஏன் அழகாக இருக்கிறது என்று அந்தக் காலத்து அறிஞர்களிடம் கேட்டால், கண்ணின் தசைகள் வளைவின்மேல் இதமாக வழுக்கிப் போவதால் என்பார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் இதைச் சோதித்துப் பார்த்தார். வளைகோடுகளைக் கண்ணால் தொடரச் சொல்லி, கண்ணிலிருந்து தெறிக்கும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிந்து 1902இல் வெளியிட்டார். தகட்டில் பதிந்திருந்தது வளைவே இல்லை. கோணல்மாணலான தாவல்கள், ஓரிடத்தில் குறுக்கே வெட்டிப் போகிறது, இன்னோரிடத்தில் கோட்டை விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. வளைவின் அழகு கண் தசையில் இல்லை என்று அவர் முடிவு சொன்னார். நெளிக்கோலத்தின் நெளிவை நம் கண் நெளிந்து பார்ப்பதில்லை என்று இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. எத்தனை ஆயிரம் வாசல்களில் அதை நாம் நம்பியிருக்கிறோம்!

அசையாத கோட்டின்மேல் கண்ணை வழுக்கவிட யாராலும் முடியாது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். எதிரில் ஒருவரை உட்காரவைத்து, சுவரின் விளிம்பைக் கண்ணால் மெதுவாகத் தொடரச் சொல்லுங்கள்; கருவிழி வெட்டி வெட்டிப் போவது தெரியும். பிறகு உங்கள் விரலை அதே வேகத்தில் நகர்த்தி, விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது கருவிழி எண்ணெய் விட்டதுபோல நழுவும். நகரும் பொருள் ஒன்று முன்னால் இருந்தால்தான் கண் வழுக்கித் தொடரும். அது கண்ணின் அமைப்பு.

இப்போது ஆயாவின் “என் கையையே பாரு” என்பதை யோசியுங்கள். போட்டு முடித்த கோலத்தைப் பார்க்கும் சிறுமியின் கண் தாவுகிறது. வெட்டு விழும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறுகிறது. போடும்போதே பார்க்கும் சிறுமியின் கண் விழுகிற மாவைப் பிடித்துக்கொண்டு அதே வளைவில், அதே வரிசையில் போகிறது. வெட்டு வந்தாலும் குழப்பமில்லை. கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். வளைவின்மேல் கண் வழுக்கிப் போகும் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் கற்பனை செய்தார்களே, அது நடந்த ஒரே இடம் நம் அம்மாக்களின் பக்கத்தில் நின்ற அந்த நேரம்தான். தாயிடமிருந்து மகளுக்குக் கோலம் போய்ச் சேர்ந்தது இந்த வழியில். படத்தைப் பார்த்து யாரும் கற்றதில்லை.

எழுத்தில் கோலம் எப்போது வந்தது என்று தேடினால், இந்த நகர்வைப் பற்றி நெடுங்காலம் யாரும் பேசவில்லை. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில் ஆண்டாள், தை மாதத்தில் தரையை விளக்கி மண்டலமிடுவதையும் நுண்மணல் கொண்டு தெருவை அலங்கரிப்பதையும் சொல்கிறாள். கடற்கரைக்காரியான எனக்கு அந்த மணல் நெருக்கமானது. ஆனால் எப்படி வரைந்தார்கள் என்பது அதில் இல்லை. பிறகு வந்த வெள்ளைக்கார ஆய்வாளர்கள் கோலத்தைப் படமாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் விதிவிலக்கு.

அவர் ஜான் லேயார்ட். 1914-15இல் தென் பசிபிக்கில், இன்று வனுவாட்டு என்று அழைக்கப்படும் நாட்டில், மலேகுலா தீவுக்குப் பக்கத்துச் சிறு தீவொன்றில் தங்கியிருந்தவர். அந்த மக்களும் மணலில் புள்ளியும் கட்டமும் போட்டு, விரலை எடுக்காமல் ஒரே கோடாக உருவம் வரைவார்கள். இறந்தவர் மறு உலகத்துக்குப் போகும் வழியில் ஒரு காவல் பூதம் பாதி அழித்த கோலத்தைக் காட்டும், மீதியை வரைந்து முடித்தால்தான் வழி விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மணல் கோலங்களை அறிந்த லேயார்ட் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சை குத்தும் கோலங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கோலத்தை அவர் ஒரு சுற்றுவழியாக, நடந்து கடக்க வேண்டிய பாதையாகப் பார்த்தார். அவர் சொன்ன சடங்கு விளக்கங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பாதை என்றாரே, அது சரி.

ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்களும் புள்ளி வைத்து மணலில் ஒரே கோட்டில் வரைகிறார்கள். அங்கே வரைபவர்கள் ஆண்கள்; கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். மொசாம்பிக் கணிதவியலாளர் பவுலுஸ் கெர்டஸ் அதையும் நம் கோலத்தையும் சேர்த்து ஆராய்ந்தவர். நான் பிள்ளைகளுக்குச் சொன்ன பொது வகுத்திக் கணக்கு அந்த மணல் கோலங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

நம் ஊரில் கோலத்தை நகர்வாகப் படித்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு மொழியில் சொற்கள் விதிப்படி சேர்ந்து வாக்கியமாவதுபோல, சிறு துண்டுகள் விதிப்படி சேர்ந்து கோலமாகின்றன என்று காட்டினார்கள். கிஃப்ட் சிரோமணி சிந்து எழுத்து, பிராமி, மாமல்லபுரச் சிற்பம் என்று பலவற்றில் கை வைத்தவர், 1988இல் மறைந்தார். அவருடைய பிற்காலக் கட்டுரைகளில் கம்பிக் கோலம் கை நகர்வுகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது: நேரே போ, திரும்பு, அரைச்சுழி, முழுச்சுழி. நாலைந்து நகர்வுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் எவ்வளவு பெரிய கோலமும் வந்துவிடும். பெண்கள் மனதில் வைத்திருந்ததும் இந்த வரிசைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு கோலத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் அதன் தோற்றத்தை விவரிக்க மாட்டார்கள். கையைக் காற்றில் ஓட்டிக் காட்டுவார்கள்.

ஹிருதய கமலத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து எட்டுத் திசைக்கு எட்டுக் கிளை, கிளைக்கு ஐந்து புள்ளி. அதைச் சேர்ப்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு. முதல் கிளையில் ஒன்றாம் புள்ளி, அடுத்த கிளையில் நாலாவது, அதற்கடுத்ததில் இரண்டாவது என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். ஐந்து சுற்று வந்தால் நாற்பது புள்ளியும் ஒரே இழையில் கோத்துவிடும். நடுவில் தாமரை மலர்ந்திருக்கும். எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லாததால்தான் இது நடக்கிறது. கிளையைப் பத்தாக வைத்தால் ஒரே சுற்றில் இழை மூடிக்கொண்டுவிடும். ஐந்து துண்டு இழையாகக் கோலம் பிரிந்துபோகும். யாரோ ஒரு பெண், பெயர் பதியாத காலத்தில், எட்டும் ஐந்தும்தான் சரி என்று கண்டுபிடித்து எண்ணிக்கையை வாயில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் தாமரை கண்ணுக்குத் தெரிவது கடைசிச் சுற்றில்தான். அதுவரை போடுபவளிடம் இருப்பது எண்ணிக்கையும் அடுத்த புள்ளியும் மட்டுமே.

ஏன் இதை ஒரு பார்வையில் பிடிக்க முடியவில்லை என்பதற்கான விடை, கோலத்தைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்களிடமிருந்து வந்தது. 1969இல் அமெரிக்காவில் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் எழுதிய ‘பெர்செப்ட்ரான்ஸ்’ என்ற நூலின் அட்டையில் சுருள் சுருளான இரண்டு உருவங்கள் இருக்கும். ஒன்று ஒரே துண்டு, மற்றது இரண்டு துண்டு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. படத்தின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியாக ஆராய்ந்து கூட்டிச் சொல்லும் எந்த எளிய இயந்திரத்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர்கள் கணிதமாக நிறுவினார்கள். தொடர்ந்து போய்ப் பார்த்தால்தான் உண்டு. அதே பேப்பர்ட்தான் குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர்; ‘முன்னே போ, திரும்பு’ என்று ஆணையிட்டால் ஓர் ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். கோலத்தைக் கணினியில் வரைந்தவர்கள் பின்னால் அந்த ஆமையையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

1986இல் ஜோலிகோர், உல்மன், மெக்கே மூவரும் மனிதர்களிடம் இதைச் சோதித்தார்கள். பின்னிக் கிடக்கும் கோடுகளில் இரண்டு குறி இட்டு, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். குறிகளுக்கு நடுவே நேர்த்தூரம் ஒன்றாகவே இருந்தாலும், கோட்டின் வழியே போகும் தூரம் கூடக் கூட விடை வர நேரம் கூடியது. கண் தாவினாலும் தாவாவிட்டாலும் உள்ளே ஏதோ ஒன்று இழைமேல் நடந்து போகிறது. 1998இல் ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் ரூல்ஃப்செமாவின் குழு குரங்குகளிடம் அதைப் பார்த்தது. குரங்கு ஒரே புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு, மனதால் மட்டும் ஒரு கோட்டைத் தொடரும்போது, மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கோட்டுக்குரிய நரம்பணுக்கள் மற்றக் கோட்டுக்குரியவற்றைவிடக் கூடுதலாகத் துடித்தன.

கண் அசையாமல் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை உண்டு. 1952-53இல் இங்கிலாந்தில் டிச்பர்ன், அமெரிக்காவில் ரிக்ஸ் ஆகியோரின் குழுக்கள், கண்ணோடு சேர்ந்தே படமும் நகரும்படி செய்து, விழித்திரையில் அதை ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். சில விநாடிகளில் படம் மறைந்துபோனது. உற்றுப் பார்க்கிறோம் என்று நினைக்கும்போதும் கண் நுண்ணியதாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த நடுக்கம் இல்லாவிட்டால் உலகமே வெளுத்துவிடும். பின்னர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிரிச்சர்ட் இப்படி நிறுத்திய உருவங்கள் எப்படி மறைகின்றன என்று கவனித்தார். புள்ளி புள்ளியாக அழியவில்லை. ஒரு சதுரத்தில் ஒரு முழுப் பக்கம் மறைகிறது, பிறகு திரும்பி வருகிறது. அதே பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஹெப், முக்கோணத்தைக் குழந்தை ஒரேயடியாகப் பார்ப்பதில்லை, கண் மூலைக்கு மூலை போய் வந்துதான் அந்த உருவம் மனதில் கட்டப்படுகிறது என்று 1949லேயே எழுதியிருந்தார். பிறகு வந்தவர்கள் அவர் சொன்னதில் பலவற்றைத் திருத்தினார்கள். உருவம் என்பது கற்றுக்கொள்வது என்ற அவருடைய அடிப்படை நின்றது.

இந்தியாவிலேயே அதற்குச் சான்று கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே பார்வை இழந்த குழந்தைகளைத் தேடிச் சிகிச்சை கொடுத்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்ந்தது. பார்வை கிடைத்த புதிதில் அவர்களுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு கோட்டுருவங்களைக் காட்டினால், வெட்டிக்கொள்ளும் இடத்தையும் தனிப் பொருளாக எண்ணி மூன்று என்றார்கள். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேரும் என்று தெரியவில்லை. கம்பிக் கோலத்தின் வெட்டில் தடுமாறும் பிள்ளைக்கும் அதே சிக்கல்தான். ஆனால் அந்த உருவங்களில் ஒன்றை நகர்த்திக் காட்டியதும் சட்டென்று பிரித்துச் சொன்னார்கள். அசைவுதான் அவர்களுக்கு உருவத்தைக் கொடுத்தது. 2009இல் இது வெளியானது.

ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணிலும் புரை. வெயிலும் உப்பின் வெள்ளைப் பளபளப்பும் வாங்கிய கண். ஓரத்தில் சதையும் வளர்ந்திருந்தது. எதிரில் வருவது யார் என்று குரலை வைத்துத்தான் சொல்வாள். ஆனாலும் வாசலில் குந்தியபடியே விரல் அளந்து புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டுவிடுவாள். இழை கொஞ்சம் தடிக்கும், வழி மாறாது. முடித்ததும் மருமகளைக் கூப்பிட்டு, “எத்தினி இழ வந்திருக்கு, பாத்துச் சொல்லு” என்பாள். அம்மா கண்ணால் தொடர்ந்து பார்த்து “ஒண்ணுதான், அத்தே” என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

இன்று எங்கள் தெருவில் பாதி வாசல் சிமெண்ட். ஒட்டுக் கோலம் வந்துவிட்டது. உருளையை உருட்டினால் விழும் கோலம் வந்துவிட்டது. பண்டிகைக்கு வண்ணப்பொடி ரங்கோலி. வண்ணத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. மயிலும் தாமரையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஒரு பார்வையில் முடிந்துவிடுகிற உருவங்கள். கண்ணை நடக்க வைப்பதில்லை. மார்கழிக்கு வரும் கோலப் புத்தகங்கள் கம்பிக் கோலத்தைக் காப்பாற்றின என்று சொல்கிறார்கள். உருவத்தைக் காப்பாற்றின என்பது உண்மை. “15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி” என்று போட்டுக் கீழே முடித்த படத்தை அச்சடித்தால், எங்கே எடுத்து எப்படிப் போக வேண்டும் என்ற வரிசை அதில் இல்லை. அதனால்தான் புத்தகம் பார்த்துப் போடும் பிள்ளைகள் துண்டு துண்டாக வரைந்து பிறகு ஒட்டுகிறார்கள். கோலம் வந்துவிடுகிறது. இழை வருவதில்லை.

கைபேசிக் காணொளி புத்தகத்தைவிட மேல். கை தெரிகிறது, மாவு விழுவது தெரிகிறது. ஆனால் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். ஓரளவு வேகம் வரைதான் கண்ணால் நழுவித் தொடர முடியும். அதற்கு மேல் போனால் திரும்பவும் தாவ ஆரம்பித்துவிடும். பத்து நிமிடக் கோலத்தை ஒரு நிமிடத்தில் காட்டினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது வியப்பு மட்டும்தான். கோலக் காணொளி போடும் பெண்களுக்கு என் வேண்டுகோள்: நீங்கள் போடும் வேகத்திலேயே காட்டுங்கள். பார்க்கிறவர் குறைந்தாலும் கற்றுக்கொள்கிறவர் கூடுவார்.

வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு ஒன்று. வரும் மார்கழியில் கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைதான் என்று இல்லை, பையனையும் நிறுத்துங்கள். எழுப்பிக் கூட்டி வருவது சிரமம்தான். மூன்றுக்கு நாலு புள்ளி போதும். கையையே பார்க்கச் சொல்லுங்கள், முடிந்ததும் எத்தனை இழை என்று கேளுங்கள். சரியாகச் சொன்ன அன்றைக்கு மாவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.